எல்லாருக்கும் பேர் விழுந்த நாள்

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர்கள் பக்கத்தில் கொஞ்ச நாளைக்கு யாரும் உட்காரக் கூடாது. நீச்சல் பழகியவர் உங்களை ஆற்றுக்குள் இழுப்பார். யோகாசனம் பழகியவர் உங்கள் முதுகெலும்பைப் பற்றி விசாரிப்பார். நான் பழகியது போனில் குறிப்பு எழுதும் ஒரு செயலி. பார்த்தால் பரம சாது. (அதுதான் வந்த வினை.) ஆற்றுக்குள் இழுத்திருந்தால் நனைவதோடு போயிருக்கும். நான் இழுத்தது என் சொந்த அக்காவின் நிச்சயதார்த்தத்தை.

அப்போது ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு கேகாலையில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் செய்துகொண்டிருந்தேன். வார நாட்களில் டவுனில் போடிங் அறை. லீவு கிடைத்தால் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஓடிவிடுவேன். அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எனக்கு வேறு உலகம். வளைவுக்கு வளைவு பஸ் முனகிக்கொண்டு ஏறும். வெளியே ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி நகரும். அவைதான் ஊருக்குப் போகின்றன, நான் நிற்கிறேன் என்று தோன்றும். பனி இறங்கினால் மரங்களும் காணாமல் போய்விடும். வெள்ளையாக, ஒன்றுமே இல்லாத ஜன்னல். அதில் என் எதிர்காலம் தெரியும். எதிர்காலத்தில் நான் மிக மிக ஒழுங்காக இருந்தேன்.

அந்த ஒழுங்கைக் கொண்டுவர வந்ததுதான் செயலி. நினைப்பதை எல்லாம் அதில் எழுதிவிட்டால் மூளைக்கு வேலையே இல்லை என்று வீடியோக்களில் சொன்னார்கள். நான் உடனே மூளைக்கு லீவு கொடுத்துவிட்டேன். ஒரு குறிப்பை இன்னொரு குறிப்போடு நூல் போட்டுக் கோர்க்கலாம். கோர்த்ததை எல்லாம் ஒரே படமாகப் பார்த்தால் கறுப்பு வானத்தில் நட்சத்திரம் இறைத்த மாதிரி மின்னும். 'மழை' என்று ஒரு குறிப்பு எழுதினேன். அதிலிருந்து 'குடை'க்கு ஒரு நூல். 'குடை'யிலிருந்து 'குடையை விட்டுவிட்டு இறங்கிய பஸ்'ஸுக்கு ஒரு நூல். குடை திரும்பக் கிடைக்கவில்லைதான். ஆனால் அவ்வளவு அழகாகத் தொலைந்த குடை எங்கள் தோட்டத்தில் வேறு யாரிடமும் இல்லை.

இந்த நேரத்தில்தான் கௌரி அக்காவின் சம்பந்தம் வந்தது.

அக்கா அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை செய்தாள். அங்கேயே வேலை செய்த பிரபா என்பவருக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் பிடித்திருந்தது. பிரபாவுக்கு ஊர் றக்வான. மேல்மலை, தேயிலைத் தோட்டம். அவருடைய அம்மா கொழுந்து மலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு ஒரு நாள்கூடப் பிந்தாதவர் என்று பிரபாவே பயத்தோடு சொல்வார். அந்த அம்மா முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது, பால்மா வாங்கப் போன எங்கள் சிவலிங்கம் மாமா வழியில் யாரையோ கண்டு பேசிக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். (எதுக்குப் போனோம்னே மறந்துட்டாராம்.) வந்தவர்களுக்குப் பிளேன்டிதான் கொடுத்தோம். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மரத்துக்கு மரம் பால் வடியுது. டீக்கு மட்டும் பால் இல்ல. ரப்பர் தோட்டத்துல ஒழுங்கு கொஞ்சம் கம்மிதான் போல."

அன்றிரவு முழுக்க அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. அக்காவுக்கு அதைவிடப் பெரிய பயம்.

"நிரோ, இன்னொரு தடவ இப்பிடி ஏதாவது நடந்தா, 'யோசிச்சுச் சொல்றோம்'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரும்டி அந்த அம்மா. பிரபா நல்லவருதான். ஆனா அம்மா பேச்சத் தாண்ட மாட்டாரு."

"அக்கா, மறதின்னு ஒரு சாமானே இனிமே இந்த வீட்டுல கெடையாது" என்றேன் நான்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நீ சும்மா இருந்தாலே எனக்குப் பெரிய உதவி" என்றாள். அதைக்கூட 'அக்காவின் கவலைகள்' என்று ஒரு குறிப்பாக எழுதி, 'குடை'யோடு கோர்த்துவைத்தேன். ஏன் குடையோடு என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த லீவில் வகுப்பு ஆரம்பமானது. இடம், பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அதைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் அடுத்த வீட்டு லெட்சுமி சித்தி, அதனால் சாவி பிரச்சினை இல்லை. மாணவர்கள் மூன்று பேர்: அம்மா, மாமா, சித்தி. மாமா அம்மாவின் தம்பி. டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவர். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அவரை வகுப்பில் சேர்க்கவில்லை. அவரும் அதற்காக அழவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழும் மழைச் சத்தத்துக்குள் உலகமே தூரமாகிப் போயிருந்தது. அம்மாவும் சித்தியும் வாத்து படம் போட்ட குட்டிக் கதிரைகளில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். மாமா உட்கார்ந்த கதிரை அவர் எழுந்தபோது கூடவே எழுந்தது. நான் கரும்பலகை முன் நின்றேன். அந்த நிமிடம் எனக்கு முன்னால் இருந்தது மூன்று பேர் அல்ல. தோட்டம் தோட்டமாக, மலை மலையாக, ஒழுங்காகிக்கொண்டிருக்கும் ஒரு சமுதாயம்.

"இது என்னா செய்யும்?" என்றார் மாமா.

"நீங்க மறக்குறத எல்லாம் இது ஞாபகம் வச்சுக்கும் மாமா."

"நான் எத மறந்தேன்னு எனக்கே தெரியாதே. அதுக்கு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி. "அது ரெண்டாவது பாடம்" என்று சொல்லித் தப்பித்தேன். (ரெண்டாவது பாடம் நடக்கவே இல்லை.)

செயலிக்குள் நுழைய ஈமெயிலும் பாஸ்வர்டும் வேண்டும். மாமாவிடம் கேட்டேன்.

"அது போன் கடத் தம்பிகிட்ட இருக்கு."

"அவர் எங்க?"

"டுபாய் போயிட்டான்."

அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சித்தி தன் அடையாள அட்டை எண்ணைச் சொல்லிப் பார்த்தார், போன் ஏற்கவில்லை. எனக்குப் பொறுமை பஸ் டிக்கெட் அளவுதான். மூன்று போனையும் பிடுங்கி, மூன்றிலும் என்னுடைய கணக்கையே போட்டுவிட்டேன். 'இப்போதைக்கு இப்படி இருக்கட்டும்' என்றேன். ஒருவர் எழுதினால் நாலு பேர் போனிலும் தெரியும். நல்லதுதானே, லயத்து வரிசையில் ஒரு வீட்டில் தும்மினால் ஆறு வீட்டுக்குக் கேட்பது மாதிரிதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"இப்ப மனசுல வர்றத எழுதிப் பாருங்க" என்றேன்.

"மனசுல வர்றத எழுதுனா ஒங்கப்பா வீட்ட விட்டுப் போயிருவாரு" என்றார் அம்மா.

சித்திக்குத் தட்டி எழுத வராது. பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தேன்.

"யாரு கேட்குறா?"

"போனுதான் சித்தி."

"எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"ஒங்க கையிலதான் இருக்கு."

சித்தி நம்பவில்லை. மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. மூச்சை இழுத்து, "ஏய்... லெட்சுமி பேசுறேன்..." என்று ஒரு சத்தம் வைத்தார். போனில் ஒரு எழுத்தும் விழவில்லை. ஆனால் மழையையும் தாண்டி எதிர்மலையிலிருந்து யாரோ, "என்னா லெட்சுமி...?" என்று பதில் கொடுத்தார்கள்.

கடைசியாக முக்கியமான பாடம். நிச்சயதார்த்த வேலைகளை எல்லாம் ஒரு பக்கத்தில் போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு சின்னச் சதுரக் கட்டம். பக்கத்தில் பெயர். சமையல்காரருக்குச் சொல்வது, அம்மா. அரிசி, மரக்கறி, மாமா. கதிரை, கொட்டகை, அதுவும் மாமா. பூ, வெற்றிலை, லெட்சுமி சித்தி. கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். சரி அடையாளம் விழுந்து, அந்த வரி மெல்ல மங்கி, தூக்கம் வந்த பிள்ளை மாதிரிக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று பேரும் "அட!" என்றார்கள். அந்த 'அட'வில் நான் மிதந்தேன்.

"இது என்னான்னு வெளங்குதா?"

"வெளங்காம? காலையில பெரட்டுல கணக்கப்பிள்ள பேர் கூப்புட்டுச் சரி போடுவாரே. அதுதானே?" என்றார் அம்மா.

"அதேதான் அம்மா! அதேதான்!" என்றேன். ஒரே வகுப்பில் புரிந்துகொண்டார்களே என்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

"எப்ப, என்னா, எவ்வளவுன்னு யாரு சொல்லுவா?" என்றார் மாமா.

"நீங்க யாரும் மண்டையப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நான் நேரம் போட்டு வைப்பேன். போனே மணி அடிச்சுச் சொல்லும்."

நேரம் போடுவதற்கு நான் கேகாலை போடிங்கில் உட்காரத்தான் செய்தேன். ஆனால் முதலில் தலைப்புக்கு ஒரு நிறம் வேண்டாமா? ரோஸ் போட்டேன். அது கார்மெண்ட்ஸ் யூனிஃபோம் மாதிரி இருந்தது, இளநீலம் போட்டேன். ஓரத்தில் ஒரு தாமரைப் படம். தாமரையிலிருந்து 'கோயில்' என்ற குறிப்புக்கு ஒரு நூல். அதற்குள் விடிந்துவிட்டது. சரி, இப்போதாவது நேரத்தைப் போடலாம் என்று பட்டியலைத் திறந்தால், என் கண்முன்னே முதல் கட்டத்தில் ஒரு சரி விழுந்தது. சமையல்காரர். பிறகு இரண்டாவது. பிறகு பூ. வரி வரியாக மங்கி, வரி வரியாகக் கீழே இறங்கின.

எல்லாம் முடிந்துவிட்டதா? நேரம்கூடப் போடவில்லையே, அதற்குள்ளா? ஜன்னலுக்கு வெளியே டவுன் பனிக்குள் இருந்தது. அந்தப் பனிக்கு அப்பால், மலைக்குப் பின்னால், என் அம்மா ஓடி ஓடி வேலை முடிக்கிறார் என்று நினைத்ததும் கண் கலங்கியது. முடிந்த வேலைக்கு மணி எதற்கு? நேரம் போடும் வேலையை விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை பார்த்தால் சரிகள் எல்லாம் அழிந்திருந்தன. அதற்கு அடுத்த நாள் மறுபடி விழுந்தன. பிறகு அழிந்தன. மாமாவுடையது மட்டும் சில காலைகளில் விழுந்து, எழுந்து, மறுபடி விழும். ரப்பர் காட்டில் மின்மினி வருகிற மாதிரி, என் கையில் நாலைந்து வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. புத்தி உள்ள யாராவது ஒரு போன் எடுத்துக் கேட்டிருப்பார்கள். எனக்குத்தான் மூளை லீவில் இருந்ததே. 'சமையல்காரரை மாற்றிப் பார்க்கிறார்கள் போல. தரத்தில் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார்' என்று எனக்கு நானே விளக்கம் சொல்லி, அந்த அழகைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் பிந்தினேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் எனக்கு கோர்ஸில் பரீட்சை. அதற்கும் முதல் நாள், கார்மெண்ட்ஸில் லீவு வாங்கி வீட்டுக்கு வந்திருந்த அக்கா போனில் கூப்பிட்டாள்.

"இங்க ஒண்ணையும் காணோமேடி. அம்மாகிட்ட கேட்டா 'எல்லாம் போன்ல இருக்கு'ங்குறாங்க. சரியாத்தானே இருக்கு?"

பட்டியலைத் திறந்தேன். அன்று சரி விழுகிற முறை.

"எல்லாத்துக்கும் சரி விழுந்துருச்சு அக்கா. நீ கனவு கண்டுகிட்டுத் தூங்கு."

நிச்சயதார்த்தத்தன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, ரப்பர் மரங்களுக்கு ஊடாக நடந்தேன். பால் வடியும் சிரட்டைகளில் மழைத் தண்ணீர் நிறைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. இப்போது வாசலில் வாழை மரம் கட்டியிருப்பார்கள். கொட்டகைக்குள் கதிரைகள் வரிசையாக இருக்கும். பெரிய அடுப்பில் சாம்பார் கொதிக்கும். றக்வான அம்மா ஒழுங்கைப் பார்த்து வாய் பிளப்பார். 'இதெல்லாம் யார் ஏற்பாடு?' என்று கேட்பார். நான் பணிவாகத் தலையைக் குனிவேன். (எந்தப் பக்கம் குனிந்தால் நல்லா இருக்கும் என்றுகூட நடந்துகொண்டே பழகினேன்.)

லயத்து வாசலுக்கு வந்தேன். வாழை மரம் இல்லை. கொட்டகை இல்லை. கதிரை இல்லை. வாசல் நடுவில், ஒரு ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய அளவில், கோயில் அண்டா ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் அப்பா.

"எப்பிடி? நான் ஒத்த ஆளா உருட்டிக்கிட்டு வந்தேன்" என்றார்.

"உள்ள என்னாப்பா?"

"ஒண்ணுமில்ல. சமையல்காரரு வந்து போடுவாரு."

அப்பாவிடம் பட்டன் போன் இருந்ததால் அவருக்கு மட்டும் அம்மா வாயால் வேலை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வேலைதான் நடந்திருந்தது. அம்மா புதுப் புடவையில் வெளியே வந்தார்.

"அம்மா, சமையல்காரரு எங்க?"

"அதத்தான் நானும் கேட்கலாம்னு இருந்தேன். எத்தன மணிக்கு வரச் சொல்லியிருக்க?"

"நானா? ஒங்க பேருக்கு நேர தானே இருந்துச்சு! சரி போட்டிருந்தீங்களே!"

"போட்டேன்தான். தெனமும் போட்டேன். வீட்டுல நெட்டு வராதே, தண்ணித் தாங்கிகிட்ட போனாத்தானே வரும். காலையில எந்திரிச்சு அங்க போயி சரி போட்டுட்டுத்தான் பெரட்டுக்கே போவேன்" என்றார் அம்மா, முகமெல்லாம் பெருமையாக. "நானும் லெட்சுமியும் ஒரு நாள் தவறல. எந்தம்பிதான் சில நாள் போட்டோமா இல்லையான்னு சந்தேகத்துல திரும்பத் திரும்பப் போடுவான்னு லெட்சுமி சிரிப்பா."

சரியாக அந்த நேரத்தில் அந்தத் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில், த்ரீவீலிலிருந்து இறங்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"இந்தா வந்துட்டேன். பேர் விழுந்துருச்சு. எந்த மலைக்குன்னு சொல்லு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று சொன்னால் அடையாளம் விழும். அதைத்தான் பேர் விழுவது என்போம். அது வேலை முடிந்ததற்கு விழுவதல்ல. வேலைக்கு ஆள் வந்து நிற்பதற்கு விழுவது. அதற்குப் பிறகுதான், யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கணக்கப்பிள்ளை பிரித்துச் சொல்வார். இவர்கள் மூன்று பேரும் தினமும் விடியற்காலையில் மழையில் நனைந்து, தண்ணீர்த் தாங்கிப் பக்கத்தில் என் பெரட்டுக்கு வந்து நின்றிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை கேகாலையில் தாமரைக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அரிசி? மரக்கறி?"

"மணி அடிக்கும்னு சொன்னியே. மணியே அடிக்கலயே பாப்பா."

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். பாதி பின்னிய தலை. கையில் போன். அதில் பிரபாவின் எஸ்.எம்.எஸ்.: 'ருவன்வெல்ல தாண்டிட்டோம். அம்மாவுக்குப் பசி வந்துருச்சு.'

அக்கா அண்டாவைப் பார்த்தாள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான், "அக்கா, ஒரே கணக்கு நாலு போன்ல இருந்ததால..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பி, "சித்தி! ஒங்க தொண்ட எனக்கு வேணும்" என்றாள்.

லெட்சுமி சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் ஏறினார். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, எல்லா வீட்டுக் கூரைக்கு மேலும் புகை.

"ஏய் மேல் லயம்...! அடுப்புல என்னா இருக்கு?"

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "பருப்பு...!"

"கீழ் லயம்...?"

"பருப்பு...!"

"ஸ்டோர் லயம்...?"

"பருப்புதான்...! ஒரு வீட்டுல கோழி!"

"கோழி அங்கயே இருக்கட்டும்! பருப்பும் சோறும் இருக்குறவுங்க எல்லாம் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டாங்க! கௌரி நிச்சயத்துக்கு!"

ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து குடைகள் வந்தன. முதலில் குடை, பிறகு அதற்குக் கீழே ஆவி, பிறகு ஆவிக்குக் கீழே சட்டி, கடைசியாக முகம். மேலிருந்து ஒரு வரிசை, கீழிருந்து ஒரு வரிசை, ரப்பர் மரங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் இறங்கியும் ஏறியும் வந்தது. நான் பஸ் ஜன்னலில் கண்ட எந்தக் கனவிலும் இப்படி ஒரு காட்சி இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மரம் மாதிரி நிக்காம கரண்டிய எடு!" என்றாள் அக்கா.

அண்டாவைப் பிள்ளைக் காம்பராவுக்கு உருட்டினோம். பருப்பெல்லாம் ஒரே அண்டாவில் இறங்கியது. மஞ்சள் பருப்பு, மிளகாய் கூடின பருப்பு, முருங்கைக் கீரை போட்டது, தேங்காய்ப்பால் தண்ணியாக விட்டது. "மாசிக் கருவாடு போட்டதத் தனியா வைய்யி! அவுங்க இன்னைக்கு மரக்கறி!" என்று அம்மா அண்டாவுக்குக் குறுக்கே நின்று காவல் காத்தார். சோறு வெள்ளை, சிவப்பு, சம்பா என்று மூன்று நிறத்தில் வந்தது. வெற்றிலைதான் இல்லை. (சிங்களத்தில் எங்கள் ஊர்ப் பெயர் ஆரம்பிப்பதே 'புளத்' என்ற வெற்றிலையில். தட்டில் மட்டும் இல்லை!) மாமாவைக் கீழே சிங்கள ஊருக்கு விரட்டினோம். இந்தத் தடவை அக்கா அவருடைய உள்ளங்கையிலேயே 'வெத்தல' என்று பேனாவால் எழுதிவிட்டாள். அவர் ஒரு வேலியோரத்துக் கொடியைப் பாதி உரித்துக்கொண்டு, "அங்க ஒரு ஆயா ஏன்னு கேட்காமலே குடுத்துச்சு" என்று வந்தார்.

வேன் வந்து நின்றபோது எல்லாம் தயார். கதிரையைத் தவிர.

றக்வான அம்மா, பட்டுப் புடவையில், வாத்து படம் போட்ட குட்டிக் கதிரையில் உட்கார்ந்தார். பிரபாவின் முழங்கால் அவருடைய தாடைக்கு அருகில் இருந்தது. அக்காவைத் தட்டோடு கூட்டிவந்தார்கள். அவள் தலை பாதி பின்னியது பின்னியபடியே இருந்தது. மீதியை வேலியில் பூத்த செவ்வரத்தம் பூ மறைத்தது. பிரபா அவளை மட்டும் பார்த்தார். அக்கா அவருடைய அம்மாவை மட்டும் பார்த்தாள்.

சாப்பாடு. அந்த அம்மா பருப்பை ஒரு தரம் விட்டுச் சாப்பிட்டார். அண்டாவைப் பார்த்தார். மறுபடி விடச் சொன்னார்.

"இது யாரு வச்ச பருப்பு?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மாமாதான் முந்திக்கொண்டார்.

"எல்லாரும் சேந்து வச்சதுங்க. எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்ச வேல. நம்ம பாப்பா போன்ல அப்பிடியே இருக்கு."

மாமாவை அந்த அண்டாவுக்குள் போட்டு மூடியிருக்கலாம்.

"எங்க, காட்டு பாப்போம்" என்றார் அந்த அம்மா. கை கழுவி, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் போனைத் திறந்து நீட்டினேன். இளநீலத் தலைப்பு, தாமரை, கீழே மங்கிப்போய்ப் படுத்திருக்கும் வரிகள். செய்யாத வேலை ஒவ்வொன்றுக்கும் நேரே, அன்று காலை போட்ட சரி. அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

அந்த அம்மா விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். சிவலிங்கம். லெட்சுமி. மறுபடி சிவலிங்கம். வேலைகளை அவர் பார்க்கவே இல்லை. பெயரையும் சரியையும்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாருக்கும் பேர் விழுந்திருக்கே" என்றார்.

"தெனமும் விழுந்துச்சுங்க சம்பந்தி" என்றார் அம்மா, மெல்ல.

"தெனமுமா?" அவர் பிரபா பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? நம்ம வீட்டு விசேஷத்துக்குக் கூப்புட்டா ஒன் சித்தப்பன்மாரு ஒரு நாளு வந்து நிப்பானுங்களா? இங்க தெனமும் பேர் போட்டிருக்காங்க." பிறகு அம்மாவிடம்: "நான் அன்னைக்கு வந்தப்ப ஒரு வார்த்த சொன்னேன். அத மனசுல வச்சுக்காதீங்க. ஆளுங்கள இப்பிடிச் சேத்து வைக்கத் தெரிஞ்ச வீடு. என் மகன் நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கான்."

கொஞ்சம் அசைந்து உட்கார்ந்துவிட்டு, "கதிர மட்டும் கொஞ்சம் சின்னது" என்றார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அப்பா என்று நினைக்கிறேன். அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டாள், வலிக்கிற குத்து. தட்டு மாற்றினோம்.

கிளம்பும்போது அந்த அம்மா வேனில் ஏறப்போன காலை இறக்கி, என்னிடம் வந்தார். "பாப்பா, என் பேரையும் அதுல போட்டு விடு. நானும் நிக்கிறேன்."

கல்யாணத்துக்கு என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லாம் சித்தியின் தொண்டையிலேயே நடந்து முடிந்தது. ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது குளித்து முழுகி, உடுத்தி, வேலை ஒன்றும் செய்யாமல் நின்றால், "பேர் விழுந்துருச்சு, எந்த மலைன்னுதான் தெரியல" என்று கேட்கும். இப்போது அது றக்வானவிலும் கேட்கிறது. அக்காவின் மகள் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதபோது டீச்சரிடமே அப்படித்தான் சொன்னாளாம்.

நான் இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். லீவு நாட்களில் யாராவது கேட்டால் இன்னமும் அந்தச் செயலியைச் சொல்லிக்கொடுக்கிறேன். (திருந்துற சாதியா நான்?) ஒரே ஒரு வித்தியாசம். கட்டத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, "இது என்னான்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் முழுசாக வந்து முடியும்வரை என் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

அந்தப் பழைய கணக்கை மட்டும் பிரிக்கவே இல்லை. பிரிக்க விடமாட்டேன் என்கிறார்கள். வேலைகளை எல்லாம் அழித்துவிட்டு, பெயர்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அம்மா, சித்தி, மாமா, அக்கா, றக்வான அத்தை. கடைசியில் என் பெயரும். விடியும் நேரத்தில் அறை ஜன்னலைத் திறந்து போனைப் பார்ப்பேன். கொழும்பில் பனி இல்லை. எதிர்மாடி வீட்டுச் சுவர்தான். ஆனால் கையில் ஒன்று விழும். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அம்மா. பிறகு சித்தி. றக்வான மலையில் அத்தை, ஒரு நாளும் பிந்தாமல். மாமாவுடையது விழுந்து, எழுந்து, சந்தேகப்பட்டு, மறுபடி விழும்.

நானும் என் பெயரைத் தொட்டுவிட்டு, எந்த மலைக்கென்று தெரியாமலே, பல் விளக்கப் போவேன்.